ரேடியோ விளம்பரத்தில் நாலாவது முகம்

ஐப்பசி 12, செவ்வாய்.

வள்ளியூரில் டிவி கடை திறந்த அண்ணாச்சி, அந்தக்கால ரேடியோ விளம்பரம் மாதிரியே என்னிடம் ஃபிளெக்ஸ் போர்டு கேட்டிருந்தார். ரேடியோவைச் சுற்றி அப்பா, அம்மா, பையன், பொண்ணு; முகங்கள் மட்டும் அவர் வீட்டு ஆட்களுடையது. அவருக்குப் பொண்ணு இல்லை. என் கம்ப்யூட்டரில் கிடந்த ஒரு சிரித்த முகத்தை வெட்டி ஒட்டினேன். யாரென்று பார்க்கவில்லை.

சாயந்திரம் போன் பண்ணினார். "வே, ஒரு பொம்பள மதியத்துலேருந்து போர்டுக்குக் கீழயே நிக்கா. 'எம்புள்ள இங்கன எப்ப வந்துச்சு'ன்னு கேக்கா. யாருவே அந்தப் புள்ள?"

"தெரியலை அண்ணாச்சி" என்று வைத்துவிட்டேன். அப்புறம்தான் தேடினேன். போன மாசம் நான் அடித்த கண்ணீர் அஞ்சலி போர்டில் இருந்த முகம். அந்தப் படத்துக்குக் கம்ப்யூட்டரில் மாலை போட்டதும் நான்தான்.

திரும்பக் கூப்பிட மனசு வரவில்லை. மழை கொட்டுகிறது. போர்டுக்கு விடிய விடிய லைட் எரியும். அவள் போயிருக்க மாட்டாள்.