வழிச்செலவுக்கு மிச்சம் வைக்காத காசு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம், உன் அப்பாவின் இருமல்கூட நின்றுவிட்டது, என் மனசு ஒன்றுதான் ஓர் இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறது. அங்கே நீயும் என் பேத்தியும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். வீட்டு முகவரிக்குப் போட்டால் மாப்பிள்ளை பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார், அதனால் நீ செயற்கைப் பல் செய்யும் கூடத்துக்கே போடுகிறேன். உறையின் மேல் இருக்கும் ஆங்கில எழுத்தெல்லாம் நீ கொடுத்த சீட்டைப் பார்த்து நானே படம் வரைவதுபோல் வரைந்தது, தபால்தலை ஒட்ட உறையை மட்டும் முதலில் கொண்டுபோனபோது தபால்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு யாரும்மா எழுதினது, பையனா என்று கேட்டார், நான்தான் என்றேன், நம்பவில்லை. போகட்டும். ஃபோனில் இதைப் பற்றி மூச்சு விடாதே என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் காசு தொலையவில்லை. ஆனால் மூன்று நாள் தொலைந்த மாதிரிதான் கிடந்தது, அந்த மூன்று நாளும் நான் மனுஷியாக இல்லை. தப்பு என்னுடையதுதான். திங்கட்கிழமை உன் அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து நோட்டையும் ஃபோனையும் வைத்துக்கொண்டு சமையல் மேடை ஓரமாக உட்கார்ந்தேன். எட்டு மாதமாக நீ ஓய்வு நேரத்தில் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பல்லின் படம் வரைந்து கொடுத்து, அவர்கள் கிரிப்டோ என்கிற இணையக் காசாகப் போட்டு, என் ஃபோன் பெட்டியில் சேர்ந்த காசு அது. நீ அதை வாலட் என்பாய், எனக்குப் பெட்டிதான். சம்பளம் மொத்தமும் மாப்பிள்ளை கைக்குப் போய், பஸ்ஸுக்குக்கூட நீ கை நீட்டி, வாங்கிய சோப்புக்கு ரசீது காட்டிக்கொண்டு இருக்கிறாயே, அந்த வீட்டைவிட்டு நீங்கள் இரண்டு பேரும் ஓர் அறைக்குப் போக முன்பணம் அதிலிருந்துதான் என்று எனக்குத் தெரியாதா, அதைத் தொடுமுன் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன். விலை ஏறி இறங்கும் காசை விலை ஆடாத காசாக மாற்றிவிட்டு, உன் பக்கத்து மேசைச் சிநேகிதியின் பெட்டிக்கு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பணும், அவள் அதை உனக்குக் கைக்காசாகத் தருவாள் என்று நீ சொன்னதை எழுத்து மாறாமல் எழுதி வைத்திருந்தேன்.

இந்தக் காசை மாற்றிக்கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் கடைக்குப் போகாமல் பெட்டிக்குள்ளேயே மாற்றலாம் என்று நீ சொன்னபோது எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. நான் வேலை பார்க்கும் சலவைக் கூடத்தில் விரிப்பு குறைந்தால் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து நாலு கையெழுத்து வாங்கணும், நானும் எதிர்மேசைக்காரியும் அதற்கெல்லாம் நிற்பதில்லை, ஆறு தலையணை உறை கொடுத்தேன், இரண்டு விரிப்பு எடுத்தேன், முடிந்தது. அதே மாதிரிதான் இதுவும். எதைக் கொடுக்கிறேன், எதை வாங்குகிறேன், எவ்வளவு கிடைக்கும் என்று காட்டியது, பேர் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. நான் செய்த பாவம் இதுதான், மொத்தமும் என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினேன். முப்பது வருஷமாக வண்டியில் ஒரு கைத்துண்டுகூட மிச்சம் வைக்காமல் காலி செய்துதான் வீட்டுக்குக் கிளம்புகிறவள் நான், மிச்சம் இருந்தால் மேற்பார்வைக்காரர் வண்டியைத் திருப்பி அனுப்புவார். அந்தக் கை அப்படியே இங்கேயும் வந்துவிட்டது. பெட்டி சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தது, எனக்குப் பெருமைகூட வந்தது. அப்புறம் சிநேகிதிக்கு அனுப்பப் போனால் சிவப்பில் ஒரு வரி. அனுப்பும் வழிச்செலவுக்குப் பழைய காசு, அதாவது அந்த ஏறி இறங்கும் காசு, கொஞ்சம் வேண்டும், உங்களிடம் இல்லை என்று. புதுக் காசு முழுசாக இருக்கிறது, ஆனால் வாசலைத் தாண்டமாட்டேன் என்கிறது. கொஞ்சம் மிச்சம் வை என்று நீ சொல்லி நானே நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

உன்னைக் கூப்பிட்டால் மாப்பிள்ளை கேட்க ஃபோன் ஸ்பீக்கரில் இருக்கும். அண்ணனிடம் சொன்னால் அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரியும். செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பெரிய சாலையில் அந்தக் கண்ணாடிக் கதவு எக்ஸ்சேஞ்ச் கடைக்குப் போனேன், ஒரு துளி பழைய காசு வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்று. படியேறியபிறகுதான் உள்ளே பார்க்கிறேன், கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது, மாப்பிள்ளையின் தம்பி! அவன் வேலை மாறினான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எழுந்து வெளியிலேயே வந்துவிட்டான். என்ன அத்தை இந்தப் பக்கம், நீங்களும் கோடீஸ்வரி ஆகப்போறீங்களா என்று சிரிக்கிறான். வெயிலுக்கு ஒதுங்கினேன்ப்பா என்றேன். வானம் அப்போது மூட்டமாக இருந்தது. அவனும் மேலே பார்த்தான், நானும் மேலே பார்த்தேன். நல்ல பிள்ளைதான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், ஆனால் என் பேரை அந்த மேசையில் பதிந்தால் சாயங்காலத்துக்குள் அவன் அண்ணன் காதுக்குப் போய்விடும். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். அன்றைக்குக் கூடத்தில் ஒரே விரிப்பை மூன்று தடவை மடித்துப் பிரித்தேனாம், எதிர்மேசைக்காரி யாருக்கு அக்கா இந்தத் தண்டனை என்று கேட்டாள். உன் அப்பா நான் ஃபோனில் ஏதோ விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன் என்று நினைத்து, விட்டுத்தொலையேன், வயசான காலத்துல உனக்கெதுக்கு போட்டி என்கிறார்.

புதன்கிழமை என் பேத்தி நீச்சல் வகுப்புக்குக் காத்திருக்கும்போது வழக்கம்போல் கூப்பிட்டாள். அவளிடம் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தி இப்படி மாட்டிக்கொண்டாளாம், வழிச்செலவுக் காசு எங்கே கிடைக்கும் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம் கேட்கிறது. அவள் ஓரமாகப் போய் மெதுவாக, பாட்டி, அது அம்மாவோட காசுதானே என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. போன தடவை வந்தபோது பாட்டிக்கு ஒரு விளையாட்டு ஏற்றிக்கொடு என்று சொல்லி நீ அவளைத்தானே அந்தப் பெட்டியை ஏற்ற வைத்தாய், அன்றைக்கே அவளுக்குத் தெரியுமாம். பதிமூன்று வயசு, எட்டு மாதமாக ஒரு வார்த்தை வெளியே விடவில்லை! பூனைப் படம் வரைந்து இணையத்தில் விற்கிறாளே, அதில் அவளுக்கும் இதே பழைய காசுதான் வருமாம். நான் அனுப்பறேன் பாட்டி, திருப்பித் தரவேண்டாம், ஆனா இனிமே மொத்தமும் அழுத்தாதீங்க என்று என்னைத் திட்டிவிட்டு வைக்கப்போனவள், வைக்காமல் இன்னொன்று கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை அவள் காசு வந்து நின்றது. சிநேகிதியின் பெட்டி முகவரியில் முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து, நடுவிலும் விட்டுவைக்காமல் விரல் வைத்துச் சரிபார்த்தேன், முதலில் கொஞ்சமாக அனுப்பிப் பார்த்தேன், பிறகு மீதி. இந்தத் தடவை வழிச்செலவுக்கு மிச்சம் வைத்திருக்கிறேன். போய்ச்சேர்ந்தது என்று ஃபோன் சொல்கிறது, உன் கைக்கு வந்ததா என்று அது சொல்லமாட்டேன் என்கிறது, அதுதான் இந்தத் தவிப்பு. வந்துவிட்டது என்றால் இந்தக் கடிதம் கிடைத்தபிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேள். நீ ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் எனக்குச் சந்தேகமில்லாமல் புரியும். பெட்டிக்குச் சாவியான பன்னிரண்டு சொற்களும் பன்னிரண்டு துண்டுத்துணியில் வரிசை எண் போட்டு என் தலையணைக்குள் தைத்தபடியே இருக்கின்றன, அதைப் பற்றிக் கவலைப்படாதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்து, பல் அச்சுக்குக் கலக்குவாயே மாவு, அதில் போட்டுக் கலக்கிவிடு.

ஒன்று மட்டும் கேள். பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்து அவள் முன்னால் நீ சிரித்துக்கொண்டு நிற்கவேண்டாம். நீ அழவேண்டியிருந்தால் அவளோடு உட்கார்ந்தே அழு, அவள் தாங்குவாள், என் பேத்தி அவள். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், யாரிடமும் கை நீட்டாமல், தலை நிமிர்ந்து இருக்கணும், என் ஆயுசில் எவ்வளவு மிச்சமோ அதையும் உங்களுக்கே கொடுக்கிறேன். அவள் கேட்டது இதுதான்: பாட்டி, நாங்க போகப்போற ரூம்ல ஜன்னல் இருக்குமா? இருக்கும் என்று சொல்லிவிட்டேன். வாடகைச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
உன் அம்மா