ஹார்லன் மால் வாசலுக்குப் பதினான்காம் எண் பேருந்து மீண்டும் வர வேண்டும்

அனுப்புநர்
ரோசலின்ட் டூடெக்,
டூடெக் அழகு நிலையம், ஹார்லன் மால்,
வெக்ஸ்லி, ஒஹாயோ.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
வட்டாரப் பேருந்துத் துறை,
வெக்ஸ்லி.

பொருள்: மால் வாசலில் இருந்த பேருந்து நிறுத்தத்தை நீக்கியது – மீண்டும் அமைக்கவும், ஓட்டுநர் மீதான நடவடிக்கையைக் கைவிடவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மேற்படி மாலின் கடைக்காரர்கள் சார்பிலும், அங்கே சிகிச்சைக்கு வருவோர் சார்பிலும் இம்மனுவை அளிக்கிறேன்.

2. சோளக்காட்டின் நடுவே இந்த மால் திறக்கப்பட்டபோது பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் கூட்டம் வந்தது. எங்கள் ஊர்க் கடைவீதி ஓய்ந்தது. அங்கே செருப்புக் கடை வைத்திருந்த என் தந்தை ஸ்டான்லி ஓராண்டு முழுக்க மாலைத் திட்டினார். பிறகு ஓர் இரவு உணவின்போது, "ஜனங்க காலு அங்கதானே போகுது, நாமளும் போவோம்" என்று சொல்லிவிட்டு, மாலிலேயே இடம் பிடித்தார். நன்றாகவே பிழைத்தோம். பின்னர் ஊருக்கே வேலை தந்த உருக்காலை மூடப்பட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் புதிய மால் வந்தது. அதன்பின் மக்கள் வீட்டிலிருந்தபடியே பொருள் வாங்கத் தொடங்கினர். பெரிய துணிக்கடை முதலில் வெளியேற, மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

3. ஆனாலும் மால் சாகவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். அந்தத் துணிக்கடைத் தளத்தில் இன்று சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் மருத்துவமனை நடக்கிறது. உணவுக்கூடத்தில் பூட்டானிலிருந்து வந்த குடும்பங்கள் மளிகையும் மோமோவும் விற்கின்றன. காலையில் முதியவர்கள் நடைப்பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் முடி வெட்டுகிறேன்.

4. சென்ற இலையுதிர் காலத்தில் ஆய்வுக்கு வந்த தங்கள் அலுவலர் திரு. கிரெய்க் விட்லோ மாலுக்குள் நின்று, "இங்க யாருமே இல்லையேம்மா" என்றார். நோயாளிகள் மூடிய கதவுக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். "அந்தக் கதவைத் திறந்து பாருங்க சார்" என்றேன். மரியாதையாகத் தலையசைத்தார், திறக்கவில்லை. அடுத்த மாதம் பேருந்து நிறுத்தம் நெடுஞ்சாலையின் எதிர்ப்புறத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே நடைபாதையும் இல்லை, சாலையைக் கடக்க விளக்கும் இல்லை.

5. ஜனவரிப் பனியில், சிகிச்சை முடிந்து திரும்பிய திரு. யூஜின் சபாட்கா அந்தச் சாலையோரத்தில் வழுக்கி விழுந்தார். உருக்காலையில் ஆயுள் முழுக்க உழைத்தவர். இடுப்பெலும்பு முறிந்தது. பேருந்தை நிறுத்திவிட்டு ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தம் மேலங்கியைப் போர்த்தி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் ஓட்டுநர் திரு. லமான்ட் ஜெஃப்ரிஸ். மறுநாளிலிருந்து அவர் துறையின் உத்தரவை மீறிப் பேருந்தை மால் வாசலுக்கே கொண்டுவந்தார். வேலை போய்விடுமே என்று நான் எச்சரித்தேன். "போனா போகட்டும்க்கா. இன்னொருத்தர் விழுறத என்னால பார்க்க முடியாது" என்றார். இப்போது பணியிடை நீக்கத்தில் இருக்கிறார்.

6. இதுவரை வேறு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுவந்த திரு. சபாட்கா வரும் திங்கள்கிழமை சக்கர நாற்காலியில் இங்கே சிகிச்சைக்குத் திரும்புகிறார். அதற்குள் நிறுத்தத்தை மால் வாசலுக்கு மாற்றவும், திரு. ஜெஃப்ரிஸை அதே வழித்தடத்தில் மீண்டும் பணியமர்த்தவும் வேண்டுகிறேன். மால் வளாகத்தில் பேருந்து வந்து திரும்பும் பாதையில் பனி அகற்றும் பொறுப்பைக் கடைக்காரர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோம், வண்டியும் அமர்த்தியாகிவிட்டது.

7. இதில் தங்களுக்கு ஐயம் ஏதும் இருப்பின், நேரில் வந்து பார்க்குமாறு அழைக்கிறேன். காரில் வேண்டாம்; பதினான்காம் எண் பேருந்தில் வந்து, எதிர்ப்புறம் இறங்கி, சாலையைக் கடந்து வாருங்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருப்போம்.

தங்கள் நல்ல உத்தரவை எதிர்நோக்கும்,
ரோசலின்ட் டூடெக்

இடம்: வெக்ஸ்லி
நாள்: 12 பிப்ரவரி 2019