ஒரே ஒரு முகமூடி

வாப்பா, பயிற்சி என்று சொல்லி எங்களை இங்கே சம்பளமில்லாத கூலிகளாக வைத்திருக்கிறார்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? உம்மா சுகமா?

முந்தநாள் எனக்குக் கண்ணில் சின்ன வருத்தம், அவ்வளவுதான். துறைமுகத்தில் படகுக்கு வெல்டிங் பண்ணும்போது பாஸ் முகமூடி போட்டிருப்பார். தகட்டைப் பிடிக்கும் எனக்கு இல்லை. “கண்ண மூடிக்கிட்டுப் பிடி மாப்பிள, பொம்புளயா பாக்கப் போறாய்?” என்று சிரித்தார். படுத்தால் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல இருந்தது. இன்று எழுத்துத் தெரிகிறது. வரி வளைந்திருந்தால் குறை நினைக்காதீர்கள்.

உம்மாவுக்குக் கண் வெட்டியபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி கிடந்தால் அனுப்புங்கள். கொஞ்சம் மாசிச் சம்பலும்.

தம்பி இஹ்ஸான் ஓ.எல். சோதனை முடித்ததும் இங்கேயே சேரப் போகிறானாம். நீங்களும் ஓம் என்றீர்களாம். “அவனுக்காவது முகமூடி தருவீங்களா பாஸ்?” என்று நேற்றுக் கேட்டேன். அவர் அடுத்த வெல்டிங் குச்சியை மாட்டினார்.

போனில் கேட்டால் நீங்களும் கதையை மாற்றுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதைக் கொண்டுவரும் றிகாஸ் நானா பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார்.

தம்பியை அனுப்ப மாட்டேன் என்று சொல்லுங்கள், வாப்பா.

ஸுஹைர்