கையெழுத்துக்கு விட்ட இடம்

திருவனந்தபுரம்
சனிக்கிழமை

சாய்நாதனுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். 'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. நலம் விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

கவடியாரில் நடந்த உன் கண்காட்சிக்குப் போயிருந்தேன். நீ சிங்கப்பூரிலிருந்து வந்திருப்பது பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும். வலியசாலை கோவிலில் தொழுதுவிட்டு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனாயாம். எட்டிப் பார்க்கவில்லை. இருக்கட்டும்.

சீனத் தூரிகையும் மேல்நாட்டு நீர்வண்ணமும் உன் தாளில் சண்டையில்லாமல் குடித்தனம் செய்கின்றன என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குடித்தனத்தை வைத்துக் கொடுத்தவன் யார்? சீனத் தாள் தண்ணீர் பட்டவுடன் குடித்துவிடும். அதில் வானத்தை ஈரமாக இழுக்க முடியாமல் நீ தாள் தாளாகக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாய். சவரக் கடைக்காரர்கள் வாங்குகிற படிகாரக் கட்டியைச் சாலைக் கடைத்தெருவில் வாங்கிவந்து, பசைத்தண்ணீரில் கரைத்து, தாளின் பாதியில் மட்டும் பூசிக் காட்டினேன். பூசிய பாதியில் வண்ணம் மேலேயே நின்றது. மறுபாதியில் மை உள்ளே இறங்கியது. என்னைக் கட்டிக்கொண்டாய். இப்போது பேட்டியில் கேட்டால், சீனாவில் ஒரு கிழவர் சொல்லித் தந்த ரகசியம் என்கிறாய். கிழவருக்குத் தாடி வேறு இருக்கிறது. நான் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குத் தவளையின் குடலை வரைந்து காலம் தள்ளுகிறேன்.

ஆகவே குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன். கண்டுபிடித்தும் விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முன்பெல்லாம் உன் மூங்கிலில் தூரிகை ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்கு ஒரே மூச்சில் போகும். இந்த வருஷத்து மூங்கில்களில் நடுவே நின்று நின்று போயிருக்கிறது. அதன்மேல் ஈர வண்ணத்தை விட்டுப் பனிமூட்டம் ஆக்கியிருக்கிறாய். பார்க்க வந்தவர்களுக்கு அது பனி. உன் பக்கத்தில் உட்கார்ந்து மை அரைத்தவனுக்கு அல்ல.

பிறகு உன் கையெழுத்து. சீனர்களைப் போல மேலிருந்து கீழாக, ஆனால் தமிழில் எழுதி, அடியில் சிவப்பு முத்திரை வைப்பாய். பழைய படங்களில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே உயரம். புதிய படங்களில் 'சா' பெரிதாகத் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சிறுத்து, 'ன்' கடுகளவில் முடிகிறது. கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு ஓவியம் பற்றி எழுதுகிற பிரபின் என்ற பையன் வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "சாரோட ஈகோ கரைஞ்சு போறதாக்கும் இது, மனசிலாச்சோ?" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

உன் மனைவி விஜயம் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தாள். "ஈகோவும் இல்லை ஒண்ணும் இல்லை அண்ணா. எழுத மடி அவருக்கு, சோம்பல். மளிகைக்குச் சீட்டு எழுதினாக்கூட எறும்பு ஊர்ந்தாப்ல இருக்கு. கண்ணாடியை மாத்தச் சொல்லுங்கோ, நான் சொன்னா கேக்கறதில்லை" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அண்ணா நீலகண்டனை உனக்கு நினைவிருக்கும். அவன் எழுத்தும் இப்படித்தான் சிறுத்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் திருப்பி அனுப்பினார்கள். "மையை மிச்சம் பிடிக்கறான்" என்று அம்மா கேலி செய்தாள். எறும்பு என்று நானும் சொன்னேன். கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனோம். இது நடுக்குவாதம், இந்த நோய் போகாது, ஆனால் எழுத்து சிறுத்தபோதே வந்திருந்தால் நல்ல வருஷங்கள் சில கிடைத்திருக்கும் என்றார் அவர். இப்போது கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன். ஒரு வாய் இறங்க வெகுநேரம் ஆகிறது. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நீ உள்ளே வந்தபோது தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றிருந்தது. நீ கூடத்தைக் கடந்து போனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். இடது கை வீசியது. வலது கை வீசவில்லை. கனமான பையைத் தூக்கிப் போகிறவன் கை போல உடம்போடு ஒட்டி இருந்தது. பை எதுவும் இல்லை.

பொறாமையில் எழுதுகிறான் என்று நினைப்பாய். பொறாமைதான். படிகார விஷயத்தை நான் மன்னிக்கவும் இல்லை. ஆனால் உன் வாயில் ஒருவன் கஞ்சிக் கரண்டியைத் திணிக்கும் நாளை நான் பார்க்க வேண்டாம். விஜயத்திடம் நான் எதுவும் சொல்லவில்லை, நீயே சொல். நரம்பு டாக்டரைப் பார். இந்த மாதமே பார். நன்றாக இரு.

நான் யாரென்று உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் பெயரைப் போட்டால் நன்றி சொல்ல வருவாய். உன்னிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. என் பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே உன் பெயரை எழுது, மேலிருந்து கீழாக, அவசரப்படாமல். கடைசி எழுத்து முதல் எழுத்தின் உயரத்துக்கு வந்துவிட்டால், வயிற்றெரிச்சல்காரன் உளறினான் என்று கிழித்துப் போடு. எனக்கும் அதுதான் வேண்டும்.

கையெழுத்திடாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.