லண்டனுக்குப் போகும் மணவறை

ஏப்ரல் 29, 2025. செவ்வாய். டோர்ட்மண்ட்

காலையில் லண்டனிலிருந்து றெஜினோல்ட் போன் எடுத்தார். நாலு வருடமாகப் புதுவருட வாழ்த்தோடு நிறுத்திக்கொண்ட மனிதர். நம்பரைப் பார்த்தபடி நின்றதில் அடுப்பில் இருந்த பால் பொங்கி ஊற்றிவிட்டது.

அவருக்கு அங்கே கலியாண மண்டபம் இருக்கிறது. முன்பெல்லாம் மாதத்தில் இரண்டு கிழமையாவது நாங்கள் வாடகைக்குக் கொடுக்கும் மணவறை அந்த மண்டபத்தில்தான் நிற்கும். வான் வண்டியில் ஏற்றினால் கலே, கப்பல், டோவர், மண்டபம். வழியில் என்ன ஏது என்று ஒருவரும் கேட்டதில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனபின் ஒவ்வொரு கதிரைக்கும் காகிதம் என்றார்கள். எனக்குக் காகிதம் என்றால் காய்ச்சல். அவர் லண்டன் ஆட்களைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் டோர்ட்மண்ட், டுசல்டோர்ஃப் என்று சுருங்கிப்போனோம். வேலையில் பாதி லண்டன்தான். பாதி போனது.

"அக்கா, யூன் எட்டாம் திகதி பிரபாலினி அக்கான்ரை ரெண்டாவது மகளுக்குக் கலியாணம். மூத்தவளுக்கு நீங்கள்தானே போட்டனீங்கள், அதே மணவறைதான் வேணுமெண்டு நிக்கினம். இதை ஒழுங்காச் செய்து காட்டுங்கோ, ஆவணி முழுக்க உங்களுக்குத்தான்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் தபோதரன் என்கிற மனிதர் என்ன சொல்வார் என்று இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

மே 3, சனி

சொன்னேன். சண்டை.

இவரை நகரத்துப் பஸ் ஓட்டும் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். யூலை முதலாம் திகதி தொடக்கம். கடிதத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

"சனி ஞாயிறும் ஓடவேண்டி வரும். மணவறையை வித்துப்போடுவம், வசு. தூக்கித் தூக்கி என்ரை நாரியும் முதுகும் போட்டுது."

"இந்த லண்டன் கலியாணம் ஒண்டு பாப்பம்."

"சரிவராட்டில்?"

"சரிவராட்டில் நானே விளம்பரம் போடுறன்."

சொல்லிவிட்டேன். பிறகு மாறக்கூடாது என்றுதான் இங்கே எழுதிவைக்கிறேன். லண்டன் சரிவந்தால் மணவறை நிற்கும். இல்லையென்றால் விற்பது. பதினாறு வருடம் வளர்த்ததை இணையத்தில் படம் போட்டு விற்பதா?

மே 12, திங்கள்

கார்னே என்று ஒரு புத்தகம் எடுக்க வேண்டும். பொருள்களுக்குக் கொடுக்கும் கடவுச்சீட்டு. ஒவ்வொரு சாமானுக்கும் இலக்கம் போட்டு எழுதி, வர்த்தக சங்கத்தில் முத்திரை வாங்கி, போகும்போதும் வரும்போதும் சுங்கத்தில் காட்ட வேண்டும். போன சாமான் ஒன்றுகூட அங்கே தங்கக்கூடாது.

நானும் மகள் தேனுஜாவும் களஞ்சிய அறைக்குள் நாள் முழுக்க எண்ணினோம். தூண் ஆறு, கதிரை இரண்டு, குடை ஒன்று, குத்துவிளக்கு நாலு... அறுபத்துமூன்று உருப்படி. அவள் ஜெர்மனில் அடித்தாள். சங்கத்துப் பெண் தொலைபேசியில் வந்து, இருபத்தியோராம் இலக்கத்து யானை இரண்டும் தந்தமா என்று கேட்டாள். பைபர் என்றோம். அம்மி என்றால் என்ன என்றாள். அரைக்கிற கல் என்றாள் தேனுஜா. அப்படியென்றால் சமையல் உபகரணமா? இல்லை, அதில் ஒன்றும் அரைப்பதில்லை, மணமகள் கால் வைப்பாள். பிறகு "கால் வைக்கும் கல்" என்று எழுதச் சொன்னாள். நல்ல பெண்.

என்ன நோக்கம் என்ற இடத்தில் "திருமணத்துக்கு வாடகை" என்று தேனுஜா எழுதினாள். நான் கையெழுத்து வைத்தேன்.

மே 20, செவ்வாய்

எனக்கும் இவருக்கும் லண்டன் போக மின்-அனுமதி வந்துவிட்டது. இப்போது அதுவும் வேண்டுமாம், ஜெர்மன் கடவுச்சீட்டு இருந்தாலும்.

யூன் 6, வெள்ளி

சுங்கத்தில் பதினொரு மணிக்கு வரச் சொல்லி டெர்மின். ஏற்றிய வானோடு போய்க் காட்ட வேண்டும். வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம். இவர் ஏழு மணிக்கே எல்லாவற்றையும் ஏற்றி, பத்து மணிக்கே போய்ச் சுங்கத்துக்கு வெளியே வானை நிறுத்திவிட்டார். "நாங்கள் முதலே வெளிக்கிட்டிட்டம், இனிப் பிரச்சினை இல்லை" என்றார். மணவறையை விற்கவேண்டும் என்கிறவருக்கு ராகு காலம் ஏன் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அதிகாரி யானையைத் தட்டிப் பார்த்தார். முத்திரை குத்தினார். அவ்வளவுதான்! இதற்கா நாலு வருடம் பயந்தேன்?

நாளை விடியவே பயணம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

யூன் 7, சனி. கலே

மணவறை கடலில். இவர் மணவறையோடு. நான் மட்டும் இங்கே, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மலிவு விடுதியில் கட்டில் விளிம்பில் இருந்து எழுதுகிறேன்.

ஒழுங்காக எழுதுகிறேன். எழுதினால்தான் தலை நிற்கும்.

பிரெஞ்சுச் சுங்கத்தில் முத்திரை. நல்லது. அடுத்த கூண்டு பிரித்தானியருடையது. உள்ளே ஒரு பெண் அதிகாரி. இவருக்கு இங்கிலீஸ் வராது. எப்போதும் நான்தான் கதைப்பேன். எங்கே போகிறீர்கள் என்றாள். இவருக்கு மேலால் குனிந்து, சிரித்துக்கொண்டு சொன்னேன்: "குடும்பக் கலியாணம். என் பெறாமகள், அக்காவின் மகள்."

ஏன் சொன்னேன்?

அந்த எல்லையில் வருடக்கணக்காக அதைத்தான் சொன்னேன். எங்கள் ஆட்கள் எல்லாருமே அதைத்தான் சொல்வார்கள். கமரா கொண்டுபோகிறவருக்கும் பெறாமகள் கலியாணம், கேக் கொண்டுபோகிறவருக்கும் பெறாமகள் கலியாணம், நாதஸ்வரக்காரருக்கும் பெறாமகள் கலியாணம். ஒரு பிள்ளைக்கு ஐரோப்பா முழுக்க எத்தனை சித்தி, எத்தனை மாமா! பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிரபாலினியை அக்கா என்கிறேன். அந்தப் பிள்ளை என்னைச் சித்தி என்கிறாள். அப்ப அவள் எனக்கு ஆர்?

அதிகாரி கார்னேயைத் திறந்தாள். "இதிலே வாடகை என்று இருக்கிறதே" என்றாள். அதோடு நின்றிருக்கலாம். பெறாமகளுக்கும் வாடகைக்குத்தான் என்று இன்னொன்றைச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

எங்களை வேறு வேறு அறையில் வைத்தார்கள். பெண்ணின் முழுப்பெயர் என்ன, பிறந்த திகதி என்ன, உன் அக்காவுக்கும் உனக்கும் அப்பா பெயர் ஏன் வேறு? இவருக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வந்தாராம், தமிழ்நாட்டுக்காரர். "சார், நடந்ததை அப்படியே சொல்லுங்க" என்றாராம். இவர் அப்படியே சொல்லியிருக்கிறார்: "அவையள் எங்களுக்குச் சொந்தமில்லை. நாங்கள் மணவறை வாடகைக்குப் போடுறனாங்கள். நாளைக்கு விடியக் கலியாணம். திங்கள் கழட்டிக்கொண்டு வாறம்." வேறு ஒன்றும் சொல்ல அவருக்குத் தெரியாது.

மூன்று மணித்தியாலம். கடைசியில் ஒரு தாள் தந்தார்கள். நான் பொய்த் தகவல் கொடுத்தேன், அதனால் உள்ளே போக முடியாது. மின்-அனுமதி ரத்து. இவருடைய காகிதம் எல்லாம் சரி, சொன்னதும் சரி, இந்த ஒரு வேலைக்குப் போகலாம்.

வானுக்குப் பக்கத்தில் நின்று சண்டை பிடிக்கக்கூட நேரமில்லை.

"நான் தனியப் போகமாட்டன்."

"போங்கோ. மணவறை இல்லாமல் அந்தப் பிள்ளை நாளைக்கு எங்கை இருக்கிறது?"

"எனக்கு யானை எந்தப் பக்கம் எண்டே தெரியாது, வசு."

"நான் சொல்லித்தாறன். போங்கோ!"

கைப்பையையும் போன் சார்ஜரையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். இவர் கண்ணாடியில் பார்த்தபடியே போனார்.

அதே நாள், பின்னேரம்

வீடியோவில் மணவறையைப் பொருத்திப் பூட்டினோம். பூட்டுவது கழட்டுவது இவருக்குத் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. தூணுக்கு எந்தச் சேலை, குடையின் சரிவு எவ்வளவு, விளக்குக்கு எத்தனை அடி விட்டுக் கதிரை, எல்லாம் என் கண்ணில்தான் இருக்கிறது. தாளில் எங்கேயும் இல்லை. "இன்னும் இடது. உங்கடை இடதில்லை, மாப்பிள்ளையின்ரை இடது. யானை தும்பிக்கை பொம்பிளையைப் பாக்கவேணும். இல்லை, அது மற்றது!" கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டினான்.

முடிந்ததும் இவர் போனைத் தூரத்தில் பிடித்து முழுவதையும் காட்டினார். நேராக நின்றது. எனக்கு அழுகை வந்தது, அவர் முகமும் நனைந்திருந்தது, வேர்வையோ என்னவோ. "பாத்தீரே" என்றார்.

யூன் 8, ஞாயிறு. கலே

கலியாணம் நல்லபடி முடிந்தது. பிரபாலினி அக்கா எடுத்தா. "வசு, எங்கையடி நிக்கிறாய்? மணவறை வந்திருக்கு, உன்னைக் காணேல்லை" என்றா. வயிற்றுப்போக்கு என்றேன். பாருங்கள், இன்னொரு பொய். என் வாய்க்குப் பழகிவிட்டது.

கடற்கரை வரைக்கும் மூன்று தரம் நடந்துவிட்டு வந்தேன். அங்காலே வெள்ளையாக டோவர் கரை தெரிகிறது. இவ்வளவு கிட்டவா?

யூன் 10, செவ்வாய். டோர்ட்மண்ட்

அறுபத்துமூன்றும் வந்து சேர்ந்தன. இவர் ஒவ்வொன்றையும் எண்ணி ஏற்றியிருக்கிறார். றெஜினோல்ட் ஆவணிக்கு மூன்று கலியாணம் தந்திருக்கிறார். "அண்ணை அந்தமாதிரி வடிவாச் செய்தவர், அக்கா" என்றார்.

வென்றுவிட்டேன். அப்படித்தானே?

யூன் 27, வெள்ளி

இவர் பஸ் கொம்பனிக்கு வரமாட்டேன் என்று எழுதிப்போட்டார். தபாலில் போட்டபிறகுதான் எனக்குச் சொன்னார்.

"லண்டன் வந்திட்டுதே. ஆர் போறது? நான்தானே."

"நாரி?"

"அது இருக்கும் எப்பவும்."

சாப்பிட்டு முடித்ததும் மேசையில் உப்புப்போத்தல், மிளகுப்போத்தல், இரண்டு கோப்பை வைத்து அடுக்கிப் பார்க்கிறார். தூண்களாம். இந்த மனிதரை எனக்கு முன்பின் தெரியாது போலிருக்கிறது. சந்தோசப்பட வேண்டும். படுகிறேன். ஆனால் கத்தரிக்காயை இரண்டு தரம் கருக்கிவிட்டேன்.

யூலை 16, புதன்

டுசல்டோர்ஃபில் விசா டெர்மின். இனி மின்-அனுமதி கிடையாது, முழு விசாதான் கேட்க வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது நுழைவு மறுக்கப்பட்டதா? ஆம். ஏன்? அந்தப் பெட்டிக்குள் முந்நூறு எழுத்துத்தான் எழுதலாம். சித்தி, அக்கா, பெறாமகள் எல்லாவற்றையும் முந்நூறு எழுத்தில் எப்படி எழுதுவது? "தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று எழுதினேன். திரும்பும்போது ரயிலில் ஓரிடத்தில் இருக்க முடியாமல் கதவடியிலேயே நின்றுகொண்டு வந்தேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மறுத்துவிட்டார்கள்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

தேனுஜாவுக்கு விடுமுறை. அப்பாவோடு போகிறாளாம், இங்கிலீஸ் கதைக்க. எல்லையில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லப் போனேன். "அம்மா, உள்ளதைச் சொல்லுவன்" என்றாள். கோபம் வந்தது. பிறகு ஆர் மீது என்று தெரியாமல் அதுவும் அடங்கிவிட்டது.

ஓகஸ்ட் 30, சனி

ஆவணியில் முதல் லண்டன் கலியாணம் நாளைக்கு. இரண்டு பேரும் காலை எட்டு மணிக்கே எல்லை தாண்டிவிட்டார்களாம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்று தேனுஜா எழுதினாள்.

நான்கு மணிக்குப் போனை முழுதாகச் சார்ஜ் பண்ணிச் சமையலறை மேசையில் நிறுத்திவைத்தேன். இந்த முறை தூணுக்கு ரோஸ் சேலை, முன்பு போடாதது, எப்படியும் கேட்பார்கள் என்று குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஐந்து. ஆறு. நானே அழைத்தேன். இவர் எடுக்கவில்லை. வெங்காயம் வெட்டினேன். குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினேன். கழுவி முடித்து மறுபடியும் எடுத்தேன்.

ஏழரைக்கு இவரே எடுத்தார்.

"முடிஞ்சுது, வசு. படம் அனுப்பியிருக்கிறன், பாரும்."

"என்னைக் கூப்பிடேல்லையே?"

"தேவைப்படேல்லை."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குக் கரைச்சல் தரவில்லை என்ற சந்தோசத்தில் சொன்னார். பின்னால் தேனுஜா சிரிக்கும் சத்தம், றெஜினோல்ட் "அண்ணை, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிடும் சத்தம்.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிழை தேடினேன். கதிரை சரி. குடை சரி. ரோஸ் சேலையை நான் நினைத்தமாதிரிச் சுற்றாமல், மடித்து மடித்து விசிறிபோல விட்டிருக்கிறார்கள். நான் செய்வதைவிட வடிவாக இருக்கிறது. இதை இங்கேதான் எழுதலாம்.

"நல்லாயிருக்கு" என்று அனுப்பினேன்.

வெளியே இன்னும் வெளிச்சம். கீழ் வீட்டுக்காரர் பல்கனியில் இறைச்சி சுடுகிறார்கள். பதினாறு வருடத்தில் ஒரு கலியாணச் சனிக்கிழமை நான் வீட்டில் இருந்ததில்லை. இந்த வீட்டில் சனிக்கிழமை பின்னேரம் மனிதர்கள் என்ன செய்வார்கள்?