காப்புச் சத்தம் கேட்கும் பலகை

முன் விறாந்தையில் ஓடாவியார் பிளைவூட் அறுக்கிறார். அந்தப் பசை மணம் மூக்கில் ஏறியதும் உம்முடைய நினைவு வந்துவிட்டது. உடம்பெல்லாம் அசதி. கதிரையை விட்டு எழும்பாமலே இதை எழுதுகிறேன்.

மகளின் கல்யாணத்தோடு வீட்டை அவளுக்குக் கொடுத்தோம். பெற்றவர்கள் பின்வளவில் சின்னதாக ஒன்று கட்டி ஒதுங்குவதுதான் ஊர் வழக்கம். துறைமுகத்தடியில் எங்களுக்குப் பின்வளவு ஏது? காலை நீட்டினால் அடுத்த வீட்டு மதில். அதனால் குசினியோடு ஒட்டிய இடத்தை மறித்து எங்களுக்கு ஓர் அறை எடுத்தோம். கல்லால் கட்டத்தான் நான் பிடிவாதமாக நின்றேன். நீர் விடவில்லை.

"கல்லுச் சுவரைப் பிறகு ஆர் இடிக்கிறது? பலகை எண்டால் எங்கட காலம் முடிய பிள்ளை கழட்டிப்போட்டு வீட்டைப் பெரிசாக்குவாள்" என்றீர். சாகிற கதையை அவ்வளவு லேசாகச் சொல்ல உமக்குத்தான் ஏலும்.

பல்லி வரும் என்று பயந்து பலகையை நிலத்தோடு முட்ட வைத்தோம். நீரோ நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி நிலம் கழுவுகிற ஆள். அடிப்பக்கம் ஊறி ஏடு ஏடாகப் பிரிந்தது. சத்தத்தையும் மறிக்காது. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் எனக்கு எரிச்சல் வரும்.

பிறகு நீர் படுக்கையில் விழுந்தீர். குரல் எழும்பாது. காப்பால் பலகையில் தட்டுவீர், குசினியில் நிற்கும் மகள் ஈரக்கையோடு ஓடி வருவாள். கடைசிக் காலையிலும் நான் கடைக்குப் பாண் வாங்கப் போயிருந்தேன். நீர் தட்டியது கேட்டு அவள் வந்து பக்கத்தில் இருந்தாள். நீர் தனியாகப் போகவில்லை.

போன கிழமை, பலகை உக்கிவிட்டது, கல்லாலேயே கட்டுவோம் என்றார் மருமகன். நல்ல பிள்ளை, மாமா நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும் என்றுதான் சொன்னார். எனக்கோ வேறு யோசனை. நெஞ்சு நோவு வந்து கிடந்தால் கல்லுக்கு அப்பால் ஆருக்குக் கேட்கும்? அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. மாமிக்குப் பலகைதான் விருப்பம் என்று உம்மைச் சாட்டித் தப்பினேன்.

ஓடாவியார் தடித்த பலகையைக் காட்டி, இதைப் போட்டால் ஒரு சத்தமும் வராது ஐயா என்றார். நான் மெல்லியதைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கூப்பிடுகிறார்கள். பார்த்துவிட்டு வருகிறேன்.

பலகை பூட்டியாயிற்று. இந்த முறை அடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கிறார், பல்லி வந்தால் வரட்டும். எல்லாரும் போனபின் கட்டிலில் இருந்தபடி மெல்ல ஒருக்கால் தட்டிப் பார்த்தேன். குசினியில் இருந்து மகள் சொன்னாள்:

"கேக்குதப்பா. தடிச்ச பலகை வேண்டாமெண்டு நானும் ஓடாவியாரிட்டச் சொன்னனான்."

உம்முடைய காப்பை அலுமாரியில் இருந்து எடுத்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.