ரேடியத்துக்கு முன் சாப்பிட்ட தோசை

பவானிபூர், கல்கத்தா
14 ஆகஸ்டு 1927

சிரஞ்சீவி நடராஜனுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே உன் அம்மா சௌக்கியம், நான் இருக்கிறேன். ரங்கூனில் நீயும் மீனாக்ஷியும் குழந்தையும் க்ஷேமமாயிருப்பதை எழுதவும்.

வியாழக்கிழமை எனக்கு ரேடியம் வைப்பதாக எழுதியிருந்தேனே, வைக்கவில்லை. மூத்திரப்பைக்கு அடியிலிருக்கும் புற்றில் ஊசி ஊசியாகச் சொருகுவார்களாம், ஆஸ்பத்திரியில் ரேடியம் கடுகளவுதான் உண்டு, முறை தவறினால் இன்னும் மூன்று வாரம். டாக்டர் உன் வயசு வங்காளி, பாடம் ஒப்பிக்கிற மாதிரிப் பேசுகிறான், மேஜையை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாது, ஹவுரா ஆபீஸில் என் கீழே இருந்திருந்தால் ஒரு மாசம் தாங்கியிருக்க மாட்டான். முதல் நாள் மத்தியானம் முதல் உபவாசம் இருக்கவேண்டும், குடல் காலியாயிருக்கவேண்டும், மயக்க மருந்தில் வாந்தி வந்தால் மூச்சடைத்துப் போகும் என்று சொல்லிக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்தான்.

வீட்டில் வந்து உபவாசம் என்றேன். நம் வீட்டு உபவாசம் உனக்குத் தெரியாததா, ஏகாதசியன்று சாதம் மட்டும்தான் கிடையாது, மற்றதெல்லாம் இரட்டிப்பு. புதன் சாயங்காலம் ரவை உப்புமா, வியாழன் காலை புறப்படுமுன் நாலு தோசை. எதிர்வீட்டு சுந்தரேசன், பாங்கில் நாற்காலி தேய்க்கிற மேதாவி, பலகாரத்தால் உபவாசத்துக்குப் பங்கமில்லை என்று தீர்ப்புச் சொல்லித் தானும் இரண்டு தோசை தின்றுவிட்டுப் போனான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், சொன்னேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் முறையை சாந்த்ராகாச்சி ரயில்வே ஃபிட்டர் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். கையெழுத்துப் போடத் தெரியாதவன், சொன்னபடி பட்டினியாக வந்து உட்கார்ந்திருந்தான். நான் திரும்பி வந்தேன்.

வந்ததும் உன் அம்மாவைத் திட்டாத திட்டில்லை. புத்தி கெட்டவள், தோசையால் கொல்லப் பார்த்தாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன், அவர்களும் தங்கள் பங்குக்கு அவளை இடித்துரைத்தார்கள். அவள் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உன்னிடம் மட்டும் எழுதுகிறேன். திட ஆகாரம் எதுவும் கூடாது என்று காகிதத்தில் தெளிவாக இருந்தது, நான் இரண்டு தரம் படித்தேன். தோசை போடலாமா என்று அவள் கேட்கத்தான் கேட்டாள், போடு என்றேன். எனக்குப் பயம் நடராஜா. சாப்பிட்டுவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தே சாப்பிட்டேன். ஊரையெல்லாம் மட்டமாகப் பேசுகிற எனக்கு அந்த ஃபிட்டருக்கு இருந்த தைரியம் இல்லை.

அடுத்த முறை செப்டம்பர் ஒன்றாந்தேதி, அதையும் விட்டால் ரேடியத்தாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்கிறான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறி வா. என்னை அழைத்துப் போய் உள்ளே விட்டுவிட்டு வாசலில் நில்.

அதற்கு முன் உன் அம்மா பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அவள் மேல் தப்பில்லை, அப்பா தெரிந்தேதான் சாப்பிட்டார் என்று எழுது. எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டவேண்டும். மறக்காமல் உடனே எழுது.

மீனாக்ஷிக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம். தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு
உன் அப்பா
சிவராமகிருஷ்ணன்